எறிந்தவரா? பிடித்தவரா?

(‘ஆட்டத்தின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் எறிபவரே! பிடிப்பவரே!’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில் நடுவர் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பை அறிவித்தவுடனே முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். “ஏனுங்கய்யா, மாமியாரா மருமகளான்னு பேசுவீங்க, பணமா பாசமான்னு பேசுவீங்க. இதென்னுங்க புதுசா எறியறது, பிடிக்கறது? வீட்டுல பாத்திரம் எறியறதைப் பத்தியா?” என்று கேட்டார். (சிரிப்பு) ஐயா, அதுவும் நல்ல தலைப்புதான். ஆனால் அதில் எறிபவர் யார், பிடிப்பவர் யார் என்று எல்லா வீட்டிலும் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பட்டிமன்றம் தேவையில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

இன்றைக்கு நாம் பேசுவது விளையாட்டைப் பற்றி. ஒருவர் பந்தை எறிகிறார், இன்னொருவர் பிடிக்கிறார். ஜெயித்தால் யாருக்கு மாலை? தோற்றால் யாருக்கு வசவு? இதுதான் வழக்கு. இந்த வழக்கு நம்ம சேலம், நாமக்கல் பக்கத்து டீக்கடைகளில் கிரிக்கெட் நடக்கிற ஒவ்வொரு நாளும் விசாரணைக்கு வருகிறது. அங்கே வக்கீல் இல்லை, நீதிபதி இல்லை, எல்லாருமே சாட்சிதான்.

“மாப்ளே, பந்து போட்டவன் என்னடா பண்ணுவான்? கையில கொண்டாந்து குடுத்த மாதிரி வாங்கிக் குடுத்தான். இவன் தேங்காயாட்டம் கீழ போட்டுட்டான்!”

“அட போங்க மாமா! அந்தப் பந்து போன வேகத்துக்கு அவன் கை வெச்சதே பெரிசு. நீங்க நின்னிருந்தா மூஞ்சியில வாங்கியிருப்பீங்க!”

இவ்வளவுதான். அதற்கப்புறம் மாமனும் மாப்பிள்ளையும் இரண்டு நாள் பேச மாட்டார்கள். டீக்காசை யார் கொடுப்பது என்பதும் பாக்கி நிற்கும். (சிரிப்பு)

இந்தச் சண்டை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. இது ரொம்பச் சூடாக நடக்கிற இடம் அமெரிக்கா. அங்கே ஒரு ஆட்டம் இருக்கிறது. அதற்குப் பேர் கால்பந்து. பேர்தான் கால்பந்து, காலால் உதைப்பது எப்போதாவது, மற்ற நேரமெல்லாம் கையால் எறிவதும், தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான். பந்து உருண்டையாக இருக்காது. நம்ம சேலத்து மாம்பழம் மாதிரி நீளவாட்டில் இருக்கும். பக்கத்துக்குப் பதினோரு பேர். மைதானம் நூறு கஜம். ஒரு அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து அடுத்தவன் கைக்குப் போய்விடும். இப்படியே போய் எதிரி எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி.

அந்த அணியில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் குவார்ட்டர்பேக். பின்னால் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவுசெய்து எறிகிறவர். அதற்குள் எறியாவிட்டால் எருமைக்கடா மாதிரி நாலு பேர் ஓடி வந்து அவரைச் சாய்த்துவிடுவார்கள். இன்னொருவர் ரிசீவர். முன்னால் ஓடி, பந்து தரையைத் தொடுவதற்குள் பிடிக்கிறவர். இதில் நுட்பம் என்ன தெரியுமா? ரிசீவர் இப்போது நிற்கிற இடத்துக்கு எறியக் கூடாது. அவர் ஓடிப் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு எறிய வேண்டும். பந்து கிளம்பும்போது அங்கே ஆளே இருக்காது. பந்து இறங்கும்போது ஆள் இருக்க வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் அவ்வளவு நம்பிக்கை வைத்தால்தான் அந்த ஆட்டம் ஆடவே முடியும்.

இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் எறிபவர் கட்சி, பிடிப்பவர் கட்சி என்று பிரிந்து நின்று சண்டை போடுகிறார்கள். அதைத்தான் நம்ம இரண்டு அணிகளும் இங்கே நம்ம ஊர்ப் பாணியில் போட்டார்கள்.

எறிபவரே என்று பேச வந்த முதல் அணித் தலைவர் நேரே கொல்லிமலைக்குப் போய்விட்டார். நாமக்கல் மாவட்டத்துக்காரர், வேறெங்கே போவார்? வல்வில் ஓரியை அழைத்து வந்தார். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயில் புகுந்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். “நடுவர் அவர்களே, அந்த அம்பை யார் பிடித்தார்கள்? பிடிக்க ஆள் வேண்டுமா? எறிகிறவன் எறிந்தால் போதாதா?” என்று கேட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

அடுத்து வந்த அம்மையார், சங்க காலத்திலிருந்து நேரே சின்னப்பம்பட்டிக்கு வந்தார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கடை நடத்தினவர். ஊர்த் திடலில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பிள்ளை. 2020-ல் ஐ.பி.எல். போட்டியில் ஐதராபாத் அணிக்காக 16 விக்கெட் எடுத்தார். நவம்பர் 6-ஆம் தேதி அபுதாபியில், 56 ஓட்டத்தோடு நின்று ஆடிக்கொண்டிருந்த டிவில்லியர்சை ஒரு யார்க்கரில் குச்சி பறக்க வெளியே அனுப்பினார். “யார்க்கர் என்றால் என்ன? கால் நுனியில், மட்டைக்கு அடியில் போய் விழுகிற பந்து. அது குச்சியைத் தகர்த்தால் பிடிக்க ஒரு கை வேண்டாம். சக ஆட்டக்காரன் கையை நம்பாதவன்தான் யார்க்கர் போடப் பழகுவான்!” என்றார் அந்த அம்மையார். வீட்டில் எந்த வேலையையும் யாரையும் நம்பி விடாத அம்மாமார்கள் எல்லாரும் அதற்குக் கைதட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். (சிரிப்பு)

மூன்றாவதாக வந்த இளைஞர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். அவர் சொன்னது நியாயமான வாதம். அமெரிக்க ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் அழகாக எறிந்து, ரிசீவர் கையில் பட்டுக் கீழே விழுந்தால், அது குவார்ட்டர்பேக் கணக்கில் ‘போய்ச் சேராத எறி’ என்றுதான் ஏறும். அதைவிடக் கொடுமை, ரிசீவர் கையில் பட்டுத் துள்ளின பந்தை எதிரி பிடித்துவிட்டால் அந்தக் குற்றமும் எறிந்தவர் பேரிலேயே பதிவாகும். “தப்பு ஒருவர், தண்டனை இன்னொருவரா? பாரத்தைச் சுமக்கிறவருக்குத்தானே பெருமை சேர வேண்டும்?” என்று முடித்தார்.

பிடிப்பவர் அணி சும்மா இருக்குமா? அவர்கள் அமெரிக்காவிலேயே ஒரு சாட்சியைப் பிடித்தார்கள். 1982 ஜனவரி 10. சான்பிரான்சிஸ்கோ அணிக்கும் டல்லஸ் அணிக்கும் ஆட்டம். இன்னும் ஒரு நிமிஷம்கூட இல்லை. சான்பிரான்சிஸ்கோ ஆறு புள்ளி பின்தங்கி நிற்கிறது. ஜோ மான்டானா என்ற குவார்ட்டர்பேக்கை மூன்று பேர் துரத்துகிறார்கள். அவர் ஓரத்துக்கு ஓடிக்கொண்டே, பின்னால் சாய்ந்தபடி, பந்தை உயரமாக எறிந்தார். எறிந்ததும் கீழே விழுந்தார். என்ன ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. எல்லையின் ஓரத்தில் டுவைட் கிளார்க் எகிறிக் குதித்து, விரல் நுனியில் அந்தப் பந்தைப் பிடித்தார். 28-க்கு 27. சான்பிரான்சிஸ்கோ ஜெயித்தது.

அன்றிலிருந்து ரசிகர்களுக்குள் சண்டை. மான்டானா வேண்டுமென்றே அவ்வளவு உயரம் எறிந்தாரா, இல்லை வேறு வழியில்லாமல் வெளியே தள்ளிவிட்டாரா? நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறார்கள். எதிரணிக்காரர்கள் தள்ளிவிட்ட பந்து என்றார்கள். மான்டானா இல்லை என்றார். நம்ம அணித் தலைவர் இதைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நடுவர் அவர்களே, அந்த நிகழ்ச்சிக்கு அமெரிக்கா வைத்த பேர் என்ன? ‘அந்த எறி’ என்று வைத்தார்களா? ‘அந்தப் பிடி’ என்றல்லவா வைத்தார்கள்!” நானே ஒரு நிமிஷம் மேசையைத் தட்டிவிட்டேன். (கைதட்டல்)

அவர்களில் ஒரு பெரியவர் 1971-ஐ எடுத்தார். லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்து மண்ணில் நாம் முதன்முதலாகத் தொடரை ஜெயித்த ஆட்டம். இரண்டாவது இன்னிங்சில் இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ஓட்டம் கொடுத்து ஆறு விக்கெட். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் முதல் இன்னிங்சில் 90 அடித்த ஆலன் நாட் இரண்டாவது தடவை வந்தபோது, நம்ம சென்னை வெங்கட்ராகவன் பந்து போட்டார். மட்டையாளருக்குப் பக்கத்திலேயே, ஷார்ட் லெக்கில் நின்றவர் ஏக்நாத் சோல்கர். தலைக்கவசம் இல்லாத காலம். முன்னால் பாய்ந்து விழுந்து, புல்லை உரசிக்கொண்டு வந்த பந்தை எடுத்தார். நாட் ஒரே ஓட்டத்தில் போய்விட்டார். மும்பை இந்து ஜிம்கானா மைதானத்தைப் பராமரித்தவருடைய மகன் சோல்கர். 27 டெஸ்டில் 53 கேட்ச். “நம்ம சுழற்பந்து வீச்சாளர்களுக்கு நாடே மாலை போட்டது. அவர்கள் பறித்த பழத்தைத் தரையில் விழாமல் பிடித்த மடி சோல்கருடையது” என்றார் பெரியவர்.

அடுத்துப் பேசிய தங்கை 1983 ஜூன் 25-க்கு வந்தார். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நாம் 183-தான். ரிச்சர்ட்ஸ் நின்றால் கதை முடிந்தது. மதன்லால் பந்தை அவர் தூக்கி அடித்தார். கபில்தேவ் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடி, தோளுக்கு மேலே பார்த்துப் பிடித்தார். மேற்கிந்தியத் தீவுகள் 140-க்கு அவுட். “மதன்லால் அந்தப் பந்தை அற்புதமாகப் போட்டார் என்று யாராவது சொன்னீர்களா? கபில் ஓடினதைத்தானே எல்லாரும் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார் தங்கை. எதிரணியில் யாரும் வாய் திறக்கவில்லை.

சரி. இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. இனி நடுவர் பாடு.

முதலில் பிடிப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம். தோல் போர்த்திய கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகப்பந்து வீச்சாளர் கையிலிருந்து மட்டையாளருக்கு வர அரை விநாடிகூட ஆகாது. மட்டையில் உரசிப் பக்கவாட்டில் நிற்கிறவரிடம் போக அதே மாதிரி ஒரு கண்ணிமைப்பு. அந்தப் பந்தை விறைப்பாகக் கையை நீட்டிப் பிடித்தால் துள்ளிவிடும், விரல் போய்விடும். பந்து வருகிற திசையிலேயே கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு வாங்க வேண்டும். நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முட்டையை ஒருவர் எறிந்தால் எப்படி வாங்குவோம்? அப்படி. கை பின்னால் போகப் போக, பந்து நிற்பதற்கு நேரம் கூடுகிறது; நேரம் கூடினால் அடி குறைகிறது. பிடிப்பதில் பாதி, வருவதை எதிர்க்காமல் இருப்பது.

எறிவதிலும் ஒரு கலை இருக்கிறது. மாடி வீடு கட்டுகிற இடத்தில் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்கிறவர் செங்கல்லை மேலே எறிகிறார். மேலே சாரத்தில் நிற்கிறவர் பிடித்துப் பிடித்து அடுக்குகிறார். ஒரு செங்கல் மூன்று கிலோ அளவுக்கு இருக்கும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். எப்படி முடிகிறது? கீழே இருப்பவர் அளந்து எறிகிறார். செங்கல் மேலே போகப் போக வேகம் குறைந்து, இதற்கு மேல் ஏறலாமா, திரும்பலாமா என்று தயங்குகிற உச்சி இருக்கிறது பாருங்கள், சரியாக அந்த இடத்தில் மேலே இருப்பவர் கை இருக்கிறது. செங்கல் பூ மாதிரி வந்து உட்காருகிறது. பலத்தைக் காட்ட வேண்டும் என்று கீழே இருப்பவர் வேகமாக எறிந்தால் மேலே இருப்பவர் மண்டை உடையும். பிடிக்கிறவனை மனசில் வைத்து எறிகிறவன்தான் நல்ல எறிகாரன். வாலிபால் ஆடுகிற பிள்ளைகளைக் கேளுங்கள், தூக்கிக் கொடுக்கிறவன் அருமை அடிக்கிறவனுக்குத் தெரியும்.

அப்படியானால் எறிபவர் பக்கம் தீர்ப்பா? பொறுங்கள். ஓரி விட்ட அம்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்பை யாரும் பிடிக்கவில்லை, சரி. ஆனால் அந்த வில்லாற்றலை ஒருவர் கண்ணால் பிடித்தார், பாட்டால் பிடித்தார். வன்பரணர் பிடிக்காமல் விட்டிருந்தால் கொல்லிமலையில் ஓரிக்கு இன்றைக்கு ஆடி விழா ஏது? பக்கத்தில் தகடூருக்கு வாருங்கள். 1965 வரைக்கும் தருமபுரியும் நம்ம சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அதியமான் நெல்லிக்கனியைக் கொடுத்தான், பெரிய மனசு. வாங்கினது யார்? ஔவை. வேறு யாராவது வாங்கியிருந்தால் தின்று கொட்டையைத் துப்பிவிட்டுப் போயிருப்பார். (சிரிப்பு) கொடுத்தவன் பேர் இரண்டாயிரம் வருஷம் நிற்பது வாங்கினவர் கையின் சிறப்பு.

இப்போது எல்லாரும் ஒரே ஆட்டத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானம். நம்ம அணியில் பாதிப் பேர் காயம். வலைப் பயிற்சிக்குப் பந்து போடப் போன நடராஜனுக்கு அன்றைக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். அன்றைக்கு நவ்தீப் சைனி பந்து போடுகிறார். லபுஷேன் 37-ல் இருக்கிறார். பந்து மட்டையில் பட்டுக் கல்லி திசையில் போகிறது. அங்கே நின்றவர் அணித் தலைவர் ரஹானே. வந்தது, பட்டது, விழுந்தது. விட்டுவிட்டார். அதே பந்தில் சைனிக்குத் தொடையிடுக்கில் தசை பிடித்துக்கொண்டது. ஓவரை முடிக்க முடியாமல் வெளியேறினார். எறிந்தவன் நொண்டிக்கொண்டு போகிறான், பிடிக்க வேண்டியவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். லபுஷேன் 108 அடித்தார். விட்ட பிடிக்கு விலை 71 ஓட்டம்.

அப்புறம் யார் கணக்கைத் தீர்த்தது? நம்ம நடராஜன். முதலில் வேட். தூக்கி அடித்தார், ஷர்துல் தாக்கூர் பிடித்தார். நடராஜனின் முதல் டெஸ்ட் விக்கெட். கொஞ்ச நேரத்தில் அந்த லபுஷேன். மேலே எழும்பின பந்தை ரிஷப் பந்த் பிடித்தார். மூன்றாவதாக ஹேசல்வுட்டை நேராகக் குச்சியைத் தகர்த்து அனுப்பினார். மூன்று விக்கெட்டில் ஒன்று தனிச் சம்பாத்தியம், இரண்டு கூட்டுச் சம்பாத்தியம்.

அந்த ஸ்கோர் அட்டையை எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? பிடித்தவர் தாக்கூர், வீசியவர் நடராஜன். பிடித்தவர் பேர் முன்னால், வீசியவர் பேர் பின்னால். விக்கெட் எண்ணிக்கை சேருவது வீசியவருக்கு. ஒருவருக்கு முதல் மரியாதை, இன்னொருவருக்குச் சொத்து. இந்தப் பாகப்பிரிவினை நம்ம குடும்பங்களில் நடந்தால் கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம். (சிரிப்பு) ஆனால் ரஹானே விட்ட அந்தப் பந்து? அந்த அட்டையில் அதற்கு இடமே இல்லை. சைனி வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு வரி கிடையாது. விட்ட பிடி, அட்டையில் ஏறாது. ஆனால் ஜனங்கள் வாயில் ஏறிவிடும்.

இதற்குத்தான் ஒரு சோதனை வைக்கிறேன். மோசமான எறியை நல்ல கை காப்பாற்றுமா? காப்பாற்றும். மான்டானா எறி எப்படி இருந்தாலும் கிளார்க் கை காப்பாற்றியது. வேட் வெளியேறின பந்தை நூறு பந்தில் சிறந்தது என்று சொல்ல முடியாது, தாக்கூர் விடவில்லை. திருப்பிக் கேட்கிறேன். மோசமான கையை நல்ல எறி காப்பாற்றுமா? காப்பாற்றாது. சைனி போட்டது நல்ல பந்து. என்ன ஆயிற்று? யார்க்கரைச் சொல்லலாம். ஆனால் பத்து விக்கெட்டையும் குச்சியைத் தகர்த்தே எடுக்கிற பந்துவீச்சாளர் உலகத்தில் இல்லை. இன்னும் ஒன்று. பந்துவீச்சாளர் அடி வாங்கினால் அடுத்த பந்து இருக்கிறது, அடுத்த ஓவர் இருக்கிறது. பிடிப்பவருக்கு நாள் முழுக்க வெயிலில் நின்றால் ஒன்று வரும், இரண்டு வரும். சில நாள் வராமலே போகும். வந்த ஒன்றை விட்டால் அன்றைய பேர் அதுதான்.

ஆகவே, வெற்றியைத் தொடங்கி வைப்பவர் எறிபவர். அதை முடித்து வைப்பதால் வெற்றிக்குப் பெரிதும் காரணம் பிடிப்பவரே என்று தீர்ப்பளிக்கிறேன். (நீண்ட கைதட்டல்)

கைதட்டினது போதும், உட்காருங்கள். தீர்ப்புக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

பிடிப்பவர்தான் பெரிது என்று நான் சொன்னதை எடுத்துக்கொண்டு போய், நாளைக்கு ஊர்த் திடலில் கேட்சை விட்ட பையனைத் திட்டாதீர்கள். நம்ம பக்கம் கிராமத்துப் போட்டிகளில் நான் பார்க்கிறேன். இறுதி ஆட்டம், கோப்பை, மைக்செட், ஊரே சுற்றி நிற்கிறது. பதினாறு வயசுப் பிள்ளை ஒரு கேட்சை விட்டுவிடுகிறான். அடுத்த வாரத்திலிருந்து அவனுக்குப் பட்டப்பேர். மாசம் ஒன்று ஆனால் அந்தப் பையன் திடல் பக்கமே வருவதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு சந்தில் போகிறான். ஒரு பந்து கீழே விழுந்தால் எடுத்துப் போடலாம் ஐயா. ஒரு பிள்ளை மனசு விழுந்தால் யார் எடுத்துப் போடுவது?

அமெரிக்காவில் 2012 பிப்ரவரி 5-ஆம் தேதி இறுதி ஆட்டம். நியூ இங்கிலாந்து அணி 17-க்கு 15 என்று முன்னால் நிற்கிறது. நாலு நிமிஷம் பாக்கி. டாம் பிராடி எறிந்தார், வெஸ் வெல்கர் திரும்பி எகிறினார். இரண்டு கையிலும் பட்டது, நழுவியது. அந்தப் பந்து நின்றிருந்தால் ஆட்டம் அநேகமாக அவர்களுடையது. நியூயார்க் அணி 21-க்கு 17 என்று ஜெயித்துவிட்டது. எறி கொஞ்சம் தள்ளி வந்ததா, பிடித்திருக்க வேண்டியதா என்று ரசிகர்கள் இன்னும் தீர்க்கவில்லை. அன்றைக்குப் பிராடியின் மனைவியாக இருந்த ஜிசல், எதிரணி ரசிகர்கள் கேலி செய்தபோது கோபத்தில் ஒன்று சொன்னார். என் கணவரே எறியவும் வேண்டும், ஓடிப் போய் அவரே பிடிக்கவும் வேண்டுமா என்கிற பொருளில். உலகமெல்லாம் அது செய்தியானது. வீட்டுக்காரருக்காக ஒரு அம்மா பேசினதில் எனக்கு வருத்தமில்லை. நம்ம ஊர் அம்மாக்கள் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். (சிரிப்பு)

ஆனால் அந்த இரண்டு ஆம்பிளைகளும் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். வெல்கர், நான் பிடித்திருக்க வேண்டிய பந்து என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பிராடி, வெல்கர் அருமையான ஆட்டக்காரர், என்னால் முடிகிற வரைக்கும் அவருக்கு எறிந்துகொண்டே இருப்பேன் என்றார். எறிகிறவனுடைய பெருமை அங்கேதான் இருக்கிறது. பிடித்தவனுக்கு எறிவது எல்லாராலும் முடியும். விட்டவனுக்கு மறுபடி எறிகிறவன்தான் பெரியவன்.

நம்ம நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடினார். பந்து வீசுகிற முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு இடி விழுந்த மாதிரி. பயிற்சியாளர்கள் கைவிடவில்லை, முறையைத் திருத்திக் கொடுத்தார்கள். 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டத்தில் இரண்டே விக்கெட். அடுத்த இரண்டு வருஷம் ஐதராபாத் அணியில் இருந்தும் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2020-ல் மறுபடி அவர் கையில் பந்தைக் கொடுத்தார்கள். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். அவரைத் திடலிலிருந்து கைபிடித்து அழைத்துப் போன ஜெயப்பிரகாஷ் அண்ணன் பேரைத் தன் சட்டையில் ‘ஜே.பி. நட்டு’ என்று போட்டுக்கொண்டார். 2023 ஜூனில் சொந்த ஊரில் ஒரு மைதானம் திறந்தார். வாங்கினவர் இப்போது எறிகிறவர் ஆகிவிட்டார்.

பிரிஸ்பேனில் ஆட்டம் ஐந்தாம் நாள் முடிந்தது. 328 என்ற இலக்கை எட்டி நாம் ஜெயித்தோம். கோப்பையை வாங்கின ரஹானே, அதை நேரே கொண்டுபோய்க் கொடுத்தது நம்ம நடராஜன் கையில். அந்த ஆட்டத்தில் கேட்சை விட்டவரும் அவர்தான், தொடரை ஜெயித்துக் கொடுத்த தலைவரும் அவர்தான். முதல் நாளோடு அவரைத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இது மைதானத்தோடு முடிகிற விஷயமா? நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் மதிப்பெண்ணுக்குப் பேர் போனவை. நாங்கள் ஆசிரியர்கள் எறிகிறோம், பிள்ளைகள் பிடிக்கிறார்கள். ஒரு பிள்ளை விட்டுவிட்டால் “நான் நடத்தினேன், அவன் வாங்கவில்லை” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உச்சியில் பிடிக்கிற மாதிரி செங்கல்லை அளந்து எறிகிற அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய வேண்டாமா? பெற்றவர்களே, உங்கள் பிள்ளை ஒரு தேர்வில் ஒன்றை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அவன் கையைப் பார்த்துத் திட்டாதீர்கள். அடுத்த பந்தை எடுங்கள். கொஞ்சம் மெதுவாக, அவனுக்கு எட்டுகிற உயரத்தில் எறியுங்கள்.

பிடித்தவருக்கு முதல் பேர். விட்டவருக்கு இன்னொரு பந்து. இதுதான் இந்த மன்றத்தின் தீர்ப்பு. டீக்கடையில் பேசாமல் இருக்கிற மாமனும் மாப்பிள்ளையும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர் அந்த டீக்காசைக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.